காண்டாமிருக வண்டும் முப்பத்தொன்றாம் நம்பர் காரும்

வண்டு இன்னும் சாகவில்லை. சபாரி சூட் போட்ட வேளாண்மை அதிகாரி ஒருவர் தென்னை மரத்தடியில் நின்றுகொண்டு, காண்டாமிருக வண்டு குருத்தை எப்படிக் குடைகிறது என்று குச்சியால் தொட்டுத் தொட்டு நாலு நிமிஷமாகக் காட்டிக்கொண்டிருந்தார். சுலோசனா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்த ஆளை முறைத்தாள். எடுத்து நாற்பது வருஷத்துக்கு மேலான படம். கோயம்புத்தூர் கணபதியில் ஒரு வீட்டு ஹாலில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அறுபத்தேழு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி தன்னை இப்படிக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள் என்று பாவம் அவர் கனவா கண்டார். "மேடம், இருபதாவது நிமிடத்திலிருந்து பாருங்கள், அதற்கு முன்னால் இருப்பது விவசாய நிகழ்ச்சி" என்று மதிவாணன் தெளிவாகத்தான் எழுதி அனுப்பியிருந்தார். மதிவாணன் மெட்ராஸில் டி.வி. நிலையத்தின் டேப் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பதினோரு மாதமாக இவளிடம் போனில் வசவு வாங்கி வாங்கி, கடைசியில் எங்கோ ஒரு கழித்துப்போட்ட பெட்டியிலிருந்து இந்த டேப்பைத் தோண்டி எடுத்தவர். படத்துக்குக் கீழே ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு புள்ளி. புள்ளியை விரலால் தள்ளினால் இருபதாவது நிமிஷம். முப்பத்தோரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு ஒரு கோட்டின் மேல் ஒரு புள்ளியை நகர்த்தத் தெரியாதா? "எதையும் மொதல்ல இருந்து பாத்துத்தானுங்க எனக்குப் பழக்கம்" என்று அண்ணனிடம் சொல்லியிருந்தாள். பொய். பயம்தான் காரணம், ஆனால் பயம் என்று தனக்குள்ளே சொல்லிக்கொள்வதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது.

எதிரே பிரம்பு நாற்காலியில் அண்ணன் தண்டபாணி கடலை உரித்துக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்து போனதிலிருந்து இடது கை மடியில் சும்மா கிடக்கும், வலது கைக் கட்டைவிரலாலேயே ஓட்டை நெறித்துப் பருப்பைத் தட்டில் போடுவார். "வந்துருச்சா அம்மிணி?" என்றார், தட்டைப் பார்த்தபடியே. "வண்டுதான் வந்திருக்குது" என்றாள். "நிறுத்திப்போட்டுக் காப்பியக் குடி. பழசையெல்லாம் போட்டுக் கெளறிக்கிட்டு." இதுதான் பற்றிக்கொண்டு வரும் அவளுக்கு. இந்த மனுஷனுக்கு ரோஷம் என்ற ஒன்று பிறக்கும்போதே விட்டுப்போய்விட்டதா? கார்ப் பந்தயத்தில் உன் வெற்றியைப் பிடுங்கி இன்னொருத்தன் கையில் கொடுத்தார்கள், நீ கடலை உரிக்கிறாய். டேப் கிடைத்துவிட்டது என்று வியாழக்கிழமை அவள் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னபோதுகூட, "அப்படியா" என்று கேட்டுவிட்டு எழுந்து பாத்ரூம் போனவர்தான், அரைமணி நேரம் வெளியே வரவில்லை. அழுதிருப்பார் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் கொஞ்சம் இளகினாள். இளகி அரைநாள்கூட ஆகவில்லை, மறுபடியும் மூண்டுவிட்டது. ஊரே சேர்ந்து அவளுக்குக் கொடுத்த சொத்து இந்தக் கோபம் ஒன்றுதான், அதையும் இளக்கிவிட்டு எதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

வண்டின் முட்டை எருக்குழியில் இருக்கும் என்றார் அதிகாரி. ஆறாவது நிமிஷம். ஒரு சுற்று ஒன்றரை நிமிஷம், அப்படியானால் இப்போது நாலாவது சுற்றை வண்டு தின்று முடித்துவிட்டது. இருபது சுற்றுப் பந்தயம், முப்பது நிமிஷம், டேப்பும் முப்பது நிமிஷம். பச்சைக்கொடி காட்டியதிலிருந்து முடிவு வரை முழுசாக எடுத்தார்கள், அவள் கண்ணால் பார்த்தாள் அந்த வேனையும் இரண்டு கேமராவையும், ஒன்று டவருக்குப் பக்கத்தில், ஒன்று தூரத்து வளைவில். எடுத்து என்ன செய்தார்கள்? ஆறு நிமிஷமாக வெட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டார்கள், கிளம்புவதும் முடிவதும் மட்டும். அப்புறம்? டேப் வெளிநாட்டிலிருந்து வருகிறது, கிராக்கி, அதனால் பழையதை அழித்து அதன் மேலேயே புதுசை எடுப்பது வழக்கம், உலகம் பூராவும் அப்படித்தான் மேடம் செய்தார்கள் என்கிறார் மதிவாணன். உலகம் பூராவும் செய்தால் சரியாகிவிடுமா? பரீட்சைப் பேப்பரின் மேலேயே அடுத்த பிள்ளையின் பேப்பரை எழுதச் சொல்வார்களா எந்தப் பள்ளிக்கூடத்திலாவது? ஒரு சீட்டு, ஒரு ரப்பர் ஸ்டாம்ப், "மறுபயன்பாட்டுக்கு" என்று ஒரு கையெழுத்து, போச்சு. நல்லவேளை, இந்த அதிகாரி இருபது நிமிஷத்துக்கு மேல் வாய் வலிக்கப் பேசவில்லை. இருபதை ஒன்றரையால் வகுத்தால் பதின்மூன்று, மிச்சம் மூன்றில் ஒரு பங்கு. பதின்மூன்று சுற்று வண்டுக்கு, பதினாலாவதில் மூன்றில் ஒன்றும் வண்டுக்கு, மீதி அவளுக்கு. பதினாலாவது சுற்று. எத்தனை முறை வகுத்தாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

சரி, பதினாலாவது சுற்று இருக்கட்டும். முதலில் அந்த டவரை நினைத்தாள். டவர் என்று பேர்தான், சவுக்குக் கம்பில் கட்டிய பரண், மேலே தென்னங்கீற்று. மெட்ராஸுக்கு வெளியே யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்று, சிமென்ட் வெடித்து நடுவில் புல் முளைத்தது, அதில் வைக்கோல் கட்டை அடுக்கிப் பாதை போட்டிருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று, பிப்ரவரி. கார் என்றால் வீட்டு வாசலில் நிற்கிற கார் இல்லை. கூரை கிடையாது, மட்கார்டு கிடையாது, சுருட்டு மாதிரி ஒரு ஆள் படுக்கிற உடம்பு, நாலு சக்கரமும் அதற்கு வெளியே தனித்தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பக்கத்துக் காரின் சக்கரத்தோடு சக்கரம் உரசினால் ஆள் ஆகாசத்தில். அண்ணன் தன் லேத் பட்டறையில் பழைய பியட் எஞ்சினைப் போட்டு, தண்ணிக் குழாயை வளைத்துச் சட்டம் கட்டி, கோயில் தேருக்கு அடிக்கிற சிவப்பு பெயின்ட்டை அடித்துக் கொண்டுவந்தது முப்பத்தொன்றாம் நம்பர். மில் முதலாளி மகன் ஒருத்தன் சீமையிலிருந்து இறக்கின வெள்ளைக் கார் ஏழாம் நம்பர். பரணில் நாலு பெண்கள், ஆளுக்கொரு அட்டை, அட்டையில் கட்டம் போட்ட தாள். எந்தக் கார் எந்த வரிசையில் டவரைத் தாண்டுகிறதோ அந்த நம்பரை அப்படியே எழுதிக்கொண்டே போக வேண்டும், சுற்றுக்கு ஒரு வரிசை. லேப் சார்ட். அதுதான் தீர்ப்பு. பெண்களுக்குப் பொறுமை அதிகம் என்று சொல்லி வீட்டுப் பெண்களைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். சொந்தக்காரர் ஓட்டினால் உட்காரக் கூடாது என்று ஒரு விதி உண்டு, ஆனால் ஓட்டுகிறவனுக்குச் சொந்தக்காரியாக இல்லாத எவள் பிப்ரவரி வெயிலில் பரணில் ஏறி உட்காருவாள்? ஏழாம் நம்பருடைய அண்ணிகூட அங்கேதான் உட்கார்ந்திருந்தாள், கறுப்புக் கண்ணாடியும் பட்டுப் புடவையுமாக. கடைசிச் சுற்றில் முப்பத்தொன்றும் ஏழும் சக்கரத்துக்குச் சக்கரம் வந்து, அண்ணன் கார் மூக்கு முன்னால் நீட்டி, கட்டம் போட்ட கொடியைத் தாண்டியது. அதை டி.வி.யில் மெட்ராஸே பார்த்தது. மைதானமே எழுந்து குதித்தது. அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அரைமணி கழித்து அறிவிக்கிறார்கள், முப்பத்தொன்று பத்தொன்பது சுற்றுதான் ஓடியது, ஒரு சுற்று குறைவு, ஜெயித்தது ஏழு என்று. கறுப்புக் கண்ணாடியின் சார்ட்டில் பதினாலாவது சுற்றில் முப்பத்தொன்று இல்லையாம். சுலோசனாவின் சார்ட்டில் இருக்கிறதாம், ஆனால் அவள் தங்கச்சியாம். ஜெயிப்பவனுக்கு மலேசியாவில் ஓட்ட வாய்ப்பு. வெள்ளைக் கார் ஓட்டியவன் விமானம் ஏறினான். அண்ணன் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் வந்து, தார்ப்பாயை மூடினார், அவ்வளவுதான், அதற்கப்புறம் ஒரு பந்தயத்துக்கும் போகவில்லை.

"சுலோ, காப்பி ஆறிப் போச்சு, மறுக்காச் சுட வெச்சுக் கொண்டாறட்டுமா?" என்று அண்ணி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வேண்டாங்கண்ணி." பதினோராவது நிமிஷம். ஆமணக்குப் புண்ணாக்கைத் தண்ணீரில் ஊறவைத்துப் பானையில் வைத்தால் வண்டு தானாக வந்து விழுமாம். விழட்டும். பந்தயம் நடத்திய கிளப்புக்கு அவள் எழுதிய கடிதங்கள் எத்தனை, வந்த பதில் எத்தனை! "சகோதர பாசத்தின் காரணமாக ஏற்பட்ட மனிதத் தவறு" என்று ஒருத்தன் எழுதினான், அந்த வரி அவளுக்குத் தூக்கத்திலும் மனப்பாடம். பள்ளிக்கூடத்துக்கும் விஷயம் வந்துவிட்டது. ஆசிரியர் அறையில் அந்த பூகோள டீச்சர், தேய்ந்த செருப்பும் சிரிப்புமாக, "கணக்கு டீச்சருக்கு இருபது வரைக்கும் எண்ண வராதாமே?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எந்த வகுப்பில் எந்தப் பிள்ளை கூட்டலில் தப்புப் பண்ணினாலும் சுலோசனா பிரம்பை எடுத்துவிடுவாள், அப்புறம் வீட்டுக்கு வந்து அந்தப் பிள்ளை முகத்தை நினைத்து நினைத்துச் சாப்பிடாமல் படுப்பாள். இதெல்லாம் யாரால்? அந்தக் கறுப்புக் கண்ணாடியால். அவள் பாராமல் விட்ட ஒரு காரால். இல்லை, முடிவு சொன்னது அவள் இல்லையே. முடிவு சொன்னது வரதன்.

வரதன். பேரை நினைத்தவுடனேயே போனை மடியில் கவிழ்த்தாள், எங்கே அவர் அதற்குள்ளிருந்து பார்த்துவிடுவாரோ என்பதுபோல். ஆறு வருஷம் ஆகிறது அவர் போய், பேப்பரில் பெட்டி போட்டுப் போட்டோ போட்டிருந்தார்கள், மனைவி, இரண்டு மகன்கள், பேத்தி பேர் உட்பட. இவள் போகவில்லை. எதற்குப் போக வேண்டும்? மெட்ராஸில் பாங்க் ஆபீசர், அண்ணனுக்குச் சிநேகிதர், கிளப்பில் சார்ட்டுகளுக்கெல்லாம் தலைமை. தை மாதம் வீட்டில் பேசி முடித்திருந்தார்கள், வைகாசியில் முகூர்த்தம். மாசியில் பந்தயம். பரணில் நாலு பேருக்கும் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர், எல்லாம் முடிந்த பிறகு இரண்டு சார்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அவளிடம் மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார்: "பதினாலாவது சுத்துல முப்பத்தொண்ணப் பாத்தீங்களா, சுலோசனா?" அத்தனை பேர் முன்னால்! கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? "என்ற ரெண்டு கண்ணால பாத்தேன்" என்று கத்தினாள். அவர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். அப்புறம் குனிந்து பத்தொன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்ன நெஞ்சழுத்தம். அந்தக் கையால் எனக்குத் தாலி கட்டுவதா என்று வீட்டில் சொல்லிவிட்டாள். அவர் ரயிலேறி வந்தார், இவள் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள், போகச் சொல்லுங்கள் என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து. போய்விட்டார். மூன்று வருஷம் கழித்துத்தான் கல்யாணம் செய்துகொண்டார் என்று யாரோ சொன்னார்கள். செய்துகொள்ளட்டும். அப்புறம் வந்த இரண்டு மூன்று ஜாதகங்களையும் அவள் வேண்டாமென்றாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சம்பந்தமில்லை என்று யாராவது கேட்டால்தானே சொல்ல வேண்டும், யாரும் கேட்கவில்லை, அதுவும் கோபம்தான்.

போனை நிமிர்த்தினாள். பதினாறரை. இப்போது ஒருத்தர் மரத்தில் ஏறிக் குருத்துக்குள் கம்பியை விட்டு வண்டைக் குத்தி எடுத்துக் காட்டுகிறார், வண்டு கம்பியில் கால்களை ஆட்டுகிறது. பார்த்தேன் என்றாள். பார்த்தாளா? இந்த இடத்தில்தான் எப்போதும் அவள் மனசு பழைய ரெக்கார்டு மாதிரி கீறலில் மாட்டிக்கொள்ளும், மாட்டினவுடன் ஊசியைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிடுவாள், கிளப், பூகோள டீச்சர், ரப்பர் ஸ்டாம்ப் என்று எதன் மேலாவது. இன்றைக்கு வைக்க இடமில்லை, இன்னும் மூன்றரை நிமிஷம்தான் இருக்கிறது. சார்ட் எழுதுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். புழுதியில் ஒரு கார் கண்ணுக்குத் தப்பிவிட்டால் அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு விட்டுவிடுவது. அடுத்த முறை அந்தக் கார் வரும்போது கடிகாரத்தைப் பார்ப்பது. முந்தின தடவை தாண்டியதிலிருந்து மூன்று நிமிஷம் கழித்து வந்தால் என்ன அர்த்தம்? சுற்றுக்கு ஒன்றரை, இரண்டு சுற்று, நடுவில் ஒரு தடவை தாண்டியிருக்கிறது, நாம்தான் பார்க்கவில்லை. கோட்டின் மேல் நம்பரை எழுதிவிடுவது. எல்லாரும் செய்வார்கள், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாக இருக்கும். அன்றைக்குப் பதினாலாவது வரிசையில் அவள் போட்டது கோடுதான். ஏன் கோடு? ஏனென்றால் ஒரு டம்ளர் மோர். பின்னாலிருந்து ஒரு கை மோர் நீட்டியது, அவள் திரும்பினாள், வாங்கினாள், வாங்கின பிறகும் திரும்பியே இருந்தாள். வரதனுக்கு மூக்கு நுனியில் வெயில் பட்டுத் தோல் உரிந்திருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார். அவ்வளவுதான், இருபத்துநாலு வயதில் அது ஒரு குற்றமா? திரும்பிப் பார்த்தபோது கார்கள் போய்விட்டிருந்தன. கோடு. மூன்று நிமிஷம் கழித்து முப்பத்தொன்று வந்தது. கோட்டின் மேல் முப்பத்தொன்று. அண்ணன் கார் நடுவில் நின்றிருக்கும் என்று எந்தத் தங்கச்சி நினைப்பாள்? தூரத்து வளைவில் ஏதோ சிவப்புக் கார் நின்றது என்று கொடிக்காரப் பையன் சொன்னான், நம்பர் புழுதியில் தெரியவில்லை என்றான். பெங்களூர்க்காரனின் பதினெட்டும் சிவப்புத்தான். நின்றது பதினெட்டு. நாற்பத்து மூன்று வருஷமாக அவள் அதைத்தான் சொல்லிவருகிறாள், கிளப்புக்கு, பத்திரிகைக்கு, போகிற வருகிறவனுக்கெல்லாம். இப்போது கிளப்பில் புது ஆட்கள், நல்ல மாதிரி. டேப்பில் தெரிந்தால் முடிவைத் திருத்துகிறோம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழாவில் கோப்பையை உங்கள் அண்ணன் கையில் கொடுக்கிறோம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். அண்ணி வெள்ளைச் சட்டை ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறாள். டேப்பில் தெரிந்தால். தெரியாவிட்டால்? வேறு மாதிரி தெரிந்தால்?

வணக்கம் சொல்லி அதிகாரி கும்பிட்டார். கும்பிட்ட கை கீழே இறங்குவதற்குள் படம் உதறியது, கோடு கோடாக ஓடியது, சட்டென்று ஒரு அலறல். எஞ்சின் சத்தம். சமையல்கட்டில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. தண்டபாணியின் கட்டைவிரல் கடலை ஓட்டின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

புழுதி. கறுப்பு வெள்ளையாக நினைத்துக்கொண்டிருந்தாள், கலர்தான், வெளுத்த கலர். தூரத்து வளைவு. வைக்கோல் கட்டு ஒன்று உடைந்து கிடக்கிறது. ஒரு சிவப்புக் கார் குறுக்கே திரும்பி நிற்கிறது. பதினெட்டு, பதினெட்டாக இரு, என்று அவள் உதடு அசைந்தது. வெள்ளைக் கார் அதைத் தாண்டிப் போகிறது. அதற்குப் பின்னால் ஒரு நீலம். அதற்குப் பின்னால் இன்னொரு சிவப்பு, ஓடுகிற சிவப்பு, அதன் மூக்கில் தெளிவாகப் பதினெட்டு. நிற்கிற சிவப்பிலிருந்து ஒரு ஆள் இறங்குகிறான். மெலிந்த ஆள், வெள்ளை ஹெல்மெட்டில் கறுப்பு டேப் ஒட்டியது, அந்த டேப்பை முந்தின நாள் சாயங்காலம் ஒட்டிக்கொடுத்தது அவளேதான். கையை ஆட்டுகிறான். வேட்டியை மடித்துக் கட்டிய நாலு பேர் கூட்டத்திலிருந்து ஓடிவந்து காரைத் தள்ளுகிறார்கள். வெளியாள் தள்ளினாலே தகுதி போச்சு. தள்ளுகிறார்கள், நிற்கிறது, தள்ளுகிறார்கள். வெள்ளைக் கார் மறுபடியும் வருகிறது, முழுச்சுற்று சுற்றிவிட்டு. சிவப்பு உறுமி அதன் வாலிலேயே ஒட்டிக்கொண்டு கிளம்புகிறது. மைதானம் கூச்சல் போடுகிறது, ஏழையும் முப்பத்தொன்றையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு. அவள் புள்ளியைப் பின்னால் தள்ளினாள். இப்போது தள்ள வந்தது. மறுபடி பார்த்தாள். மறுபடி. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். தொண்ணூறு நொடி, ஒன்று கூட இல்லை, ஒன்று குறையவில்லை. வரதன் எழுதியது சரி.

போனைத் திருப்பி அண்ணன் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவர் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும் அம்மிணி" என்றார்.

"என்ன தெரியுமுங்க?"

"வெள்ளக் காரு ஒருக்காப் போச்சு. மறுக்கா வந்துச்சு. அப்பத்தான் எஞ்சின் புடிச்சுது." கடலை ஓட்டைத் தட்டில் வைத்தார். "கொடியத் தாண்டுனதும் தூக்கிட்டாங்க. நானும் ஒரு நிமிசம் ஜெயிச்சே போட்டோம்னு நெனச்சுட்டேன். சொல்லிப்போடலாம்னுதான் டவருக்கு வந்தேன். அங்க நீ எல்லாரையும் ஒரு புடி புடிச்சுட்டு நின்னே. என்ற ரெண்டு கண்ணால பாத்தேன்னு. நான் இல்லைன்னு சொன்னா உன்னயப் பொய்க்காரின்னுருவாங்க. கட்டிக்கப் போறவரு நிக்கறாரு."

சுலோசனாவுக்குக் கோபம் எங்கிருந்து எடுத்து யார் மேல் வைப்பது என்று தெரியவில்லை, வாழ்க்கையில் முதல் தடவையாக. இந்த மனுஷன் பட்டறை வாசலில் சிநேகிதர்கள் எழுதி மாட்டிய "உண்மையான சாம்பியன்" போர்டுக்குக் கீழே உட்கார்ந்து நாற்பது வருஷம் ஸ்க்ரூ கடைந்திருக்கிறார். அவள் எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் ஸ்டாம்ப் ஒட்டிக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டவரே அவர்தான்.

"வரதன்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லீங்களா?" என்றாள். குரல் உடைந்தது, உடைந்ததற்கும் சேர்த்து ஆத்திரம் வந்தது. "அந்தாள நான் என்னென்ன பேசுனேன்!"

"சொன்னேன்."

"எப்ப?"

"உன்னயப் பாக்க வந்தப்ப. நீ கதவச் சாத்திக்கிட்டே. ஸ்டேஷன்ல கொண்டுபோய் உடும்போது சொன்னேன். அவரு, எனக்கு அப்பவே தெரியும்னுட்டாரு. பதினாலாவது சுத்துல சுலோசனா என்னயத்தான் பாத்துட்டு இருந்தான்னாரு." தண்டபாணி மடியில் கிடந்த இடது கையை வலது கையால் எடுத்து வேறு பக்கம் வைத்தார். "அவகிட்டச் சொல்லாதீங்க, தாங்க மாட்டா, என்னயவே திட்டிட்டுப் போகட்டும்னாரு. நானும் செரின்னுட்டேன்."

தாங்க மாட்டா. ஆண்பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, அவளால் ஒரு தப்பு விடையைத் தாங்க முடியாது என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். எதை அவள் தாங்கவில்லை? பூகோள டீச்சரைத் தாங்கினாள். அம்மாவின் அழுகையைத் தாங்கினாள். சொந்தக்காரர் கல்யாணங்களில் ஓரமாக உட்கார்ந்து, பந்தியில் கடைசியாக எழுந்து, நாற்பத்து மூன்று வைகாசிகளைத் தாங்கினாள். ஒரு கோட்டைத் தாங்கமாட்டாளாம். "நீ எழுதுனது தப்பு" என்று ஒரு வரி, பிள்ளைகளுக்குத் தினமும் அவள் சிவப்பு மையில் எழுதுகிற வரி, அதை ஒருத்தர் அவள் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுதிருப்பாள், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள், மூன்றாம் நாள் கதவைத் திறந்திருப்பாள். என்னைக் கேட்காமல் எனக்கு இரக்கம் காட்ட நீங்கள் யார் என்று கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினால் ஒருத்தர் இந்த ஹாலில் ஒரு கை விளங்காமல் உட்கார்ந்திருக்கிறார், இன்னொருத்தர் எங்கும் இல்லை. அதற்கு மேல், முதலில் பார்க்காமல் எழுதியவள் யார்? அந்தப் பென்சில் அவர்கள் கையிலா இருந்தது?

போனை எடுத்து மைக் படத்தின் மேல் விரலை அழுத்தினாள். வகுப்பில் விடைத்தாள் வாசிக்கிற குரல் வந்தது. "மதிவாணன், சுலோசனா பேசறேன். கிளப்காரங்களுக்கு இதை அப்படியே அனுப்பி வைங்க. வளைவுல நின்னது முப்பத்தொண்ணு. மொத்தம் பத்தொம்பது சுத்து. வரதன் போட்ட முடிவு சரி, ஏழுதான் ஜெயிச்சது. என் சார்ட்டுல பதினாலாவது சுத்துல இருக்கற முப்பத்தொண்ண நான் பாக்கல. பாக்காம எழுதுனேன். எழுதுனது நான், சுலோசனா."

"அம்மிணி," என்றார் தண்டபாணி, "அடுத்த ஞாயித்துக்கெழம..."

"அனுப்பியாச்சுங்க."

சமையல்கட்டு வாசலில் அண்ணி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. சுலோசனா எழுந்து, நாற்காலியை இழுத்து, அண்ணனுக்கு எதிரே முட்டி இடிக்கிற மாதிரி போட்டு உட்கார்ந்தாள்.

"வேற என்ன சொன்னாரு?"

"அவ்வளவுதான் அம்மிணி."

"ரயிலு எத்தன மணிக்கு?"

"எட்டே முக்கால்னு நெனக்கறேன்."

"வீட்ல இருந்து எத்தன மணிக்குப் போனீங்க?"

"ஏழரை இருக்கும். சைக்கிள்ல."

"சைக்கிள்ல இருபத்தஞ்சு நிமிசம். அப்ப அம்பது நிமிசம் அவருகூட நின்னிருக்கறீங்க." முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது, கண்ணிலிருந்து தண்ணீர் அதன் பாட்டுக்கு இறங்கியது, அவள் துடைக்கவில்லை. "அம்பது நிமிசத்துல நாலு வார்த்தையா பேசுவாங்க ரெண்டு பேரு? ஒண்ணு உடாமச் சொல்லுங்க. அவரு சொன்னது, நீங்க சொன்னது, எல்லாம். எனக்குத் தெரியோணும்."

தண்டபாணி கடலைத் தட்டைக் கீழே இறக்கி வைத்தார்.

"மொதல்ல டீ குடிச்சோம்" என்று ஆரம்பித்தார்.